பெரட்டில் நின்ற எமன்

இன்று காலை பதுளைக் கடைவீதியில் முஸ்லிம் பெரியவர் நானாவின் துணிக்கடைக்குப் போயிருந்தேன். கட்டில் விரிப்புத் தைக்க வெள்ளை மல் துணி வேண்டியிருந்தது. பையன் ஒரு புதுக் கட்டைப் பிரித்து உதறியதும் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியது. அளவு சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். "என்ன புள்ள, மறந்துட்டீங்களா?" என்றார் நானா. மறக்கவில்லை. ஒரு மலைச் சரிவு முழுக்க இதே துணியை நீ விரித்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது. நானாவுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். துணியைத் தானே மடிக்கத் தொடங்கினார்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது. நாம் ஒருவருக்கொருவர் மடல் எழுதிக்கொண்டதே இல்லை. ஒரே தோட்டத்தில் இருந்தவரை கூப்பிடு தூரம். நீ டவுனுக்கு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் நானே வந்து நின்றுவிடுவேன். எழுதவேண்டிய அவசியம் இப்போதுதான் வந்திருக்கிறது.

நமுனுகுல மலைக்குக் கீழே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு நீ டீமேக்கரின் மனைவியாக வந்தாய். ஸ்டோரில் கொழுந்தை வாட்டி அரைத்துக் காயவைத்துப் பதம் பார்ப்பது உன் வீட்டுக்காரரின் வேலை. நான் அங்கே மருத்துவச்சி. அங்கே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, பதுளை ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்து, கையில் ஒரு தோல் பையோடு திரும்பி வந்தவள். டீமேக்கர் வீட்டுக்காரி என்பதால் முதலில் உன்னை "அம்மா" என்று கூப்பிட்டேன்.

"உனக்கும் எனக்கும் ஒரே வயசு. இன்னொரு தடவ அம்மான்னா நான் திரும்பியே பாக்க மாட்டேன்" என்றாய்.

"அப்ப என்னான்னு கூப்புடுறது?"

"நான் உன்ன எப்படிக் கூப்புடுறனோ அப்படித்தான். புள்ளன்னு கூப்பிடு."

உன் சாமான் வந்த மாட்டுவண்டியை லயமே நின்று வேடிக்கை பார்த்தது. பானை சட்டி கொஞ்சம்தான். மற்றதெல்லாம் மூன்று கால் வைத்த காமிரா, கண்ணாடித் தகடுகள் அடுக்கிய மரப்பெட்டிகள், சாயக் குப்பிகள், ஒரு கிராமபோன், சுருட்டிக் கட்டிய திரைகள். உன் அப்பா பதுளையில் ஒரு ஸ்டூடியோவுக்குப் பின்திரை எழுதிக்கொடுப்பவர். தூண்கள், பூந்தொட்டிகள், அரண்மனைப் படிக்கட்டு எல்லாம் எழுதுவார். "எங்கப்பா எழுதுன படியில ஏறினா செவுத்துலதான் முட்டணும்" என்று சொல்லிச் சிரிப்பாய். படம் எடுக்கவும் கழுவவும் அங்கேயே பழகிவிட்டாய். ஆனால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் திரைக்கு முன்னால் மரக்கட்டைபோல நிறுத்தி எடுப்பது உனக்கு அலுத்துப்போயிருந்தது.

நீ என்னை எடுத்த முதல் படம் நினைவிருக்கிறது. பழுது பார்க்கும்போது லயத்தில் கழற்றிப்போட்ட ஒரு கதவை, நிலையோடு, நீயும் உன் வீட்டுக்காரரும் தேயிலைக்குள் தூக்கிக்கொண்டு போனீர்கள். கொஞ்ச நேரத்தில், "ஏ புள்ள, பையத் தூக்கிட்டு ஓடி வா!" என்று உன் சத்தம். யாருக்கோ வலி கண்டுவிட்டது என்று மூச்சு வாங்க ஏறி வந்தேன். பார்த்தால் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே அந்தக் கதவு மட்டும் நிமிர்ந்து நின்றது. பின்னால் மூங்கில் முட்டுக் கொடுத்திருந்தாய்.

"அந்தப் பக்கம் போயி, கதவத் தெறந்துட்டு இந்தப் பக்கம் வா" என்றாய்.

"எதுக்குள்ள இருந்து வர்றதாம்?"

"வந்து பாத்துட்டு நீயே சொல்லு."

கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் கதவைத் தள்ளினேன். ஆனால் நீ கொண்டுவந்து காட்டிய படத்தில் நான் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பிரசவத்துக்கும் லயத்து அறையான காம்பராவின் வாசலில் நிற்கும்போது எனக்கு ஒரு பயம் வரும். உள்ளே ஓர் உயிர் வரப்போகிறதா, இருக்கிற உயிர் போகப்போகிறதா என்கிற பயம். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அது அந்த முகத்தில் அப்படியே இருந்தது. "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது. கதவத் தொறக்குறப்ப மனுசரு மூஞ்சி மாறும், அது மட்டுந்தான் தெரியும்" என்றாய்.

அன்றிலிருந்து உன் பைத்தியத்தில் எனக்கும் பங்கு வந்துவிட்டது. மழை பிந்திப்போன ஒரு வருடம், ஓடை வற்றிக் கிடந்தபோது, நானாவிடம் வெள்ளை மல் துணியைக் கட்டுக் கட்டாகக் கேட்டு வாங்கி வந்தாய். வாடகை என்ன என்று கேட்டதற்கு, "படத்த முதல்ல எனக்குக் காட்டணும். அதுதான் வாடகை" என்றாராம். உச்சியிலிருந்து ஓடை வரைக்கும் அந்தத் துணியைச் செடிகளுக்கு ஊடாக வளைத்து வளைத்து விரித்தோம். குடத்தோடு பெண்கள் இரண்டு பக்கமும் குனிந்து துணியை மொண்டார்கள். காற்று அடியில் புகுந்து துணி எழும்பியபோது ஒருத்தி உண்மையாகவே "ஐயோ, தண்ணி!" என்று கூவிவிட்டாள்.

இன்னொரு படத்தில் ஒரு கம்பில் கங்காணியின் கோட்டையும் தலைப்பாகையையும் மாட்டி, மேலே குடையை விரித்துக் கட்டினாய். உள்ளே ஆள் இல்லை. அந்த வெறும் கோட்டுக்கு முன்னால் பெண்கள் தலை குனிந்து கொழுந்தெடுத்தார்கள். ஒரே தகட்டை இரண்டு தடவை வெளிச்சத்துக்குக் காட்டி, ஒருத்தியின் முதுகுக் கூடைக்குள் அவளையே சின்னதாக உட்காரவைத்தாய். அந்தப் பெண் படத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அதான் இத்தன வருசமா முதுகு வலிக்குது" என்றாள். அன்று நீ சிரித்தது போல நான் பார்த்ததே இல்லை.

படத்தோடு உன் வேலை நிற்கவில்லை. திரை எழுதுவாய், காகிதத்தில் உருவம் வெட்டுவாய், உடுப்புத் தைப்பாய், நிற்கிறவர்களுக்குக் கூச்சம் போகக் கிராமபோனைப் பாடவிடுவாய். மாசி மாதக் காமன் கூத்துக்கு ரதிக்கும் மதனுக்கும் கிரீடம் செய்துகொடுப்பதும் நீதான். கூத்தில் பெண்கள் வேஷம் கட்டுவதில்லை. ரதி வேஷம்கூட ஆண்தான் கட்டுவார். எமனுக்கு முகத்தில் கரி பூசுவார்கள். நீ ஒரு வருடம் காகிதத்தை ஊறவைத்து, மரவள்ளி மாவுப் பசை போட்டு இடித்து, எருமைத் தலையையே செய்துவிட்டாய். உண்மையான கொம்பு. கண் இருந்த இடத்தில் ஓட்டை. கூத்துக்காரர் அதைப் போட்டுக்கொண்டு மூச்சு முட்டுகிறது என்று கழற்றிவிட்டார். தலை உன் வீட்டுச் சுவரில் தொங்கியது.

அப்போதுதான் வள்ளியம்மையின் காரியம் நடந்தது.

வள்ளியம்மை மேல் லயத்துப் பெண். தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடந்தது. என் கையால் ஆகாது, பதுளைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று விடிந்ததும் சொல்லிவிட்டேன். தூக்குவதற்கு ஆள் வேண்டும். கணக்கப்பிள்ளை, "தொரை வெளியில போயிருக்காரு. அவரு சொல்லாம வேலையில இருந்து ஆள நிறுத்த முடியாது" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "வரட்டும்மா, வந்துருவாரு" என்றார். அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை, பயந்தவர். துரை வரவில்லை. கடைசியில் புருஷனும் அண்ணனும் அன்றைய பேரும் கூலியும் போனால் போகட்டும் என்று வேலையை விட்டுவிட்டு வந்து, கம்பளியில் தூளி கட்டித் தூக்கினார்கள். நான் கூடவே ஓடினேன். மத்தியான மழை பிடித்துக்கொண்டது. பதுளைக் கூரைகள் கண்ணுக்குத் தெரியும் வளைவில் அவள் என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்துபோனது.

மறுநாள் காலை பெரட்டு. களத்தில் வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிடும்போது கணக்கப்பிள்ளை பழக்கத்தில், "வள்ளியம்மை!" என்று கூப்பிட்டுவிட்டார். அவள் நாத்தனார் பக்கத்தில் அவள் நிற்கிற இடம் அப்படியே காலியாகக் கிடந்தது. நீ ஸ்டோர் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அந்த மாதமே துரை உன்னைக் கூப்பிட்டனுப்பினார். இந்தியாவில் ஆள் சேர்க்கும் ஊர்களில் காட்டுவதற்கு ஒரு படம் வேண்டுமாம். தோட்டத்துச் சனங்கள் எவ்வளவு நன்றாக இருக்கிறார்கள் என்று தெரியவேண்டுமாம். முதல் லயத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்தார்கள். வாசலில் ஒரு பசுவைக் கொண்டுவந்து கட்டினார்கள். ஆபீஸ் பெட்டியிலிருந்து புதுச் சீலைகள் வந்தன. "கசங்காமக் கட்டுங்க. சாயந்தரம் திரும்பக் குடுக்கணும்" என்று கணக்கப்பிள்ளை சொல்லிக் கொடுத்தார். ஒரு தாயின் கைக்குழந்தை நோஞ்சானாக இருந்ததால் அதை வாங்கிவிட்டு, வேறொருத்தியின் கொழுத்த பிள்ளையை அவள் இடுப்பில் வைத்தார்கள். அந்தப் பிள்ளை வீறிட்டு அழுதது.

பெண்கள் வரிசையில் நின்றபோது, யாரும் சொல்லாமலேயே, வள்ளியம்மையின் இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். துரை கைப்பிரம்பால் காட்டி, "அங்கே என்ன ஓட்டை? சேர்ந்து நில்லு" என்றார். சேர்ந்து நின்றார்கள். நீ கறுப்புத் துணிக்குள் தலையை விட்டாய். படம் எடுத்தாய். துரை குதிரையில் ஏறினார். கணக்கப்பிள்ளை அவர் பின்னாலேயே ஆபீசுக்கு ஓடினார்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. நீ தகட்டை மாற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "இன்னொண்ணு எடுக்கலாமா?" என்றாய்.

வள்ளியம்மையின் நாத்தனார் முதலில் விலகினாள். பிறகு மற்றவர்களும் விலகினார்கள். அந்த இடம் திரும்பவும் திறந்தது. நீ என்னைப் பார்த்தாய். "செவுத்துல தொங்குதே, அதக் கொண்டா" என்றாய். உன் வீட்டுக்கு ஓடி எருமைத் தலையைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தேன். ஒருத்தி தன் கறுப்புக் கம்பளியை என் தோளில் போட்டாள். இன்னொருத்தி கூடையை என் முதுகில் மாட்டினாள். எருமைத் தலையை மாட்டிக்கொண்டேன்; உள்ளே மரவள்ளிப் பசையின் புளிப்பு வாடை. கண் ஓட்டை வழியாக நீயும் காமிராவும் மட்டுமே தெரிந்தீர்கள்.

"எப்படி நிக்க?" என்று உள்ளிருந்து கேட்டேன்.

"பேர் கூப்புட்டா எப்படி நிப்ப? அப்படி நில்லு."

நின்றேன். பக்கத்தில் நின்ற நாத்தனாரின் கை என் கையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

நீ அதைக் கழுவி வெயிலில் அச்செடுத்துக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாய். சுண்ணாம்பு அடித்த லயம், பசு, புதுச் சீலை, இரவல் பிள்ளை எல்லாம் அப்படியே இருந்தன. நடுவில், கம்பளியும் கூடையுமாக, எருமைத் தலையோடு எமன் ஒரு கொழுந்துக்காரியாக நின்று தன் பேருக்குக் காத்திருந்தான். அதைப் பயமுறுத்தும் படம் என்று சொல்ல முடியாது. எமனுக்கே அந்த வரிசையில் கால் கடுத்துப்போனது போலத்தான் இருந்தது.

உன் வீட்டுக்காரர் படத்தை வாங்கிப் பார்த்தார். சத்தம் போடாத மனிதர். "இத எங்க மாட்டப்போற?" என்று மட்டும் கேட்டார்.

"நானா கடையில."

"அப்ப சாமானக் கட்டி வச்சுக்கலாம்" என்றார். கோபம் இல்லாமல், மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். அந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்காக உன்மேல் எனக்குப் பொறாமையே வந்தது.

நானாவும் வெகுநேரம் பார்த்தார். "நான் வீட்டுல படம் மாட்டுறவன் இல்ல, புள்ள. ஆனா கடை வேற" என்றார். "இது தொங்கினா தோட்டத்து ஆபீசுல இருந்து ஒருத்தரும் என்ட கடைக்கு வரமாட்டாங்க." சற்று யோசித்தார். "வராட்டிப் போகட்டும்." கடைவாசல் கண்ணாடிக்குள் இருந்த பட்டுத் துணிகளை எடுத்துவிட்டு இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். துரை கேட்ட படம் ஒன்று. நம் படம் ஒன்று. ஒரே இடம், ஒரே நாள், அதே முகங்கள்.

சம்பள ஞாயிறன்று கடைவீதியில் வண்டி போக வழி இல்லை. நம் தோட்டத்து ஆட்கள் மட்டும் இல்லை, அப்புத்தளைப் பக்கத்திலிருந்தும் பெரகல பக்கத்திலிருந்தும் வந்து பார்த்தார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். சிரித்தார்கள், பிறகு இரண்டாவது தடவை பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்கள். ஒரு கிழவர் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். நான் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். அந்தத் தலைக்குள் இருந்தது நான்தான் என்று கத்தவேண்டும்போல் இருந்தது.

திங்கட்கிழமை கணக்கப்பிள்ளை களத்தில் ஒவ்வொருத்தியாக விசாரித்தார். "எமன் வேஷம் கட்டுனது யாரு?"

"யாரு வேஷம் கட்டுனா? நாங்க பாக்கலீங்களே."

"பக்கத்துல நின்னுருக்கியே!"

"எம் பக்கத்துல யாருமே நிக்கலீங்க ஐயா. படத்துலதான் வந்திருக்காரு."

அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும் சொன்னாள். யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. வள்ளியம்மையின் நாத்தனார் மட்டும் ஒன்று கூட்டிச் சொன்னாள்: "நீங்கதானே ஐயா அன்னைக்கு அந்தப் பேரக் கூப்புட்டீங்க. அதான் வந்திருக்காரு." கணக்கப்பிள்ளை விசாரணையை அதோடு நிறுத்திவிட்டார். அந்த வாரம் முழுக்க அவர் நெற்றியில் திருநீறு பட்டையாக இருந்தது.

துரை உன்னை ஆபீசுக்குக் கூப்பிட்ட அன்று நான் மருந்து வாங்குகிற சாக்கில் வராந்தாவில் நின்றேன். முன்னதாகவே உன்னிடம் சொல்லியிருந்தேன், நானும் உள்ளே வந்து, நான்தான் என்று சொல்லிவிடுகிறேன் என்று. நீ என்னை முறைத்தாய். "நீயும் போயிட்டா இங்க பிள்ளை யாருடி எடுப்பா? வாய மூடிட்டு நில்லு." அதனால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். உள்ளே பேசியது முழுக்கக் காதில் விழுந்தது.

"என் தோட்டத்தில் எமன் எங்கே இருக்கு?" என்றார் துரை.

"தொரை, நீங்க எடுக்கச் சொன்ன படத்துல இருக்குற சீலையும் தோட்டத்துல இல்லீங்க. சாயந்தரமே பொட்டிக்குள்ள போயிருச்சு."

"அது வேறே."

"ரெண்டும் வேஷந்தாங்க. அது நீங்க கட்டச் சொன்ன வேஷம். இது அவங்களே கட்டுன வேஷம்."

பிறகு துரையின் நாற்காலி இழுபடும் சத்தம். "அந்தக் கண்ணாடியை என் முன்னால் உடை."

நீ துண்டைப் பிரித்துத் தகடுகளை மேசைமேல் வைத்த சத்தம் கேட்டது. "ரெண்டையும் கொண்டாந்திருக்கேங்க. உடைச்சா ரெண்டையும் உடைப்பேன். ஒண்ண மட்டும் உடைக்க மாட்டேன்."

துரைக்கு அவருடைய படம் வேண்டியிருந்தது. அதிலிருந்து இன்னும் பல பிரதி எடுத்து அனுப்பவேண்டியிருந்தது. அவர் இரண்டு தகட்டையும் மாறி மாறிப் பார்த்ததை நீ பிறகு எனக்கு நடித்தே காட்டினாய். கடைசியில் நீ சொன்னதைத்தான் இன்றைக்கும் லயத்தில் சொல்லிக்கொள்கிறார்கள்: "அப்ப ஒங்களோடது ஒங்ககிட்ட இருக்கட்டுங்க. எங்களோடது எங்ககிட்ட இருக்கும்." ஒரு தகட்டை மேசையில் விட்டுவிட்டு மற்றதைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கி வந்தாய். முதுகுக்குப் பின்னால், "மாசம் முடியும் முன்னே வீட்டைக் காலி பண்ணு!" என்று அவர் கத்தினார். நீ திரும்பவில்லை. என்னைக் கடக்கும்போது கண்ணைச் சிமிட்டினாய்.

நீங்கள் போன வண்டியின் பின்னால் பெண்கள் கூடையோடு வெகுதூரம் நடந்து வந்தார்கள். உன் வீட்டுக்காரருக்கு அப்புத்தளைப் பக்கத்தில் ஒரு ஸ்டோரில் வேலை கிடைத்தது. நானா கடைக்கு மேலே இருந்த அறை உன் ஸ்டூடியோ ஆனது. மாப்பிள்ளை பெண் படங்கள் எடுத்து வாடகை கொடுத்தாய். மீதி நேரமெல்லாம் உன் விருப்பத்துக்கு வேலை செய்தாய்.

ஆஸ்பத்திரி டாக்டர் ஐயா அந்தப் படத்தைப் பார்த்தது அதன் பிறகுதான். எனக்குப் பயிற்சி கொடுத்தவர். நான் மருந்து வாங்கப் போனபோது, "கடைவீதியில் ஒரு எமன் இருக்கிறானே, அவன் நிற்கிற நிலை எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவச்சியின் நிலை மாதிரி இருக்கிறது" என்றார். அவரிடம் எல்லாம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு அவரே உன் அறைக்கு மாடியேறி வந்து மற்றப் படங்களையும் பார்த்துவிட்டு, ஐரோப்பாவில் இப்போது சிலர் இப்படித்தான் கனவு மாதிரி படம் செய்கிறார்கள் என்று சொன்னார். நீ ஆச்சரியப்படவில்லை. "அங்கயும் தொரைமாரு இருக்காங்க போல" என்றாய்.

டாக்டர் ஐயா மேலிடத்துக்குச் சொன்னார், எழுதினார், திரும்பத் திரும்பப் போய்ப் பேசினார். உடனே எதுவும் நடக்கவில்லை. அந்தத் துரை ஊருக்குப் போய், புதுத் துரை வந்து, அவருக்கும் சொல்லி, அப்புறம்தான் எங்கள் தோட்டத்தில் பிள்ளைப்பேற்றுக்கென்று ஓர் அறை கட்டினார்கள். இரண்டு இரும்புக் கட்டில். அவசரத்துக்குத் தூக்கிப்போக ஒரு டோலி. நேரம் கெட்ட நேரத்தில் மருத்துவச்சி கேட்டால் ஆள் கொடுக்கவேண்டும், யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை என்று புதுத் துரையே களத்தில் நின்று சொன்னார்.

திறப்பு நாளுக்கு உன்னை வரச்சொன்னேன். நீ வந்ததும் செய்த முதல் காரியம், அந்த இரண்டு கட்டிலையும் வெளியே தூக்கச் சொன்னதுதான். தேயிலைச் சரிவில், நல்ல வெயிலில் போட்டு, வயிறு தள்ளியிருந்த பெண்களை அதில் படுக்கச் சொன்னாய். வேலை நேரத்தில், எல்லோரும் பார்க்க, தேயிலைக்கு நடுவே கட்டிலில் படுப்பதா என்று அவர்கள் வெட்கப்பட்டார்கள். ஒருத்தி படுத்தாள். வானத்தைப் பார்த்தாள். "ஏ, மல்லாக்கப் படுத்து மேகத்தப் பாத்து எத்தன வருசமாச்சு!" என்றாள். அதன்பிறகு அடுத்தவளுக்கு இடம் கொடுக்க அவளை எழுப்பவே முடியவில்லை. புதுத் துரையே தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிரித்தார். உன் படங்களிலேயே எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. அது என் அறைச் சுவரில் இருக்கிறது.

உனக்கு நெஞ்சில் சளி கட்டி, எழுந்திருக்க முடியாமல் போனபோது, பதுளைக்கே ரயில் வந்துவிட்டிருந்தது. அதன் ஊதல் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்கும். உன் வீட்டுக்காரர் உன் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். நான் ஆஸ்பத்திரியில் கற்றதெல்லாம் செய்தேன். டாக்டர் ஐயாவும் செய்தார். ஒரு காலையில் கொஞ்சம் தெளிவாக இருந்தாய். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "வர்றாரு போல இருக்கு புள்ள" என்றாய். என் கண் நிறைந்துவிட்டது. நீ என் கையைத் தட்டினாய். "அழாத. வந்தா வரிசையில நிக்கச் சொல்லு. பழக்கந்தானே அவருக்கு." உன் வீட்டுக்காரர் அந்த நிலையிலும் சிரித்துவிட்டார். மூன்று பேரும் சிரித்தோம். மறுநாள் மத்தியானம் நீ போனாய்.

உன் தகடுகளை உன் வீட்டுக்காரர் பத்திரமாக வைத்திருக்கிறார். கேட்கிறவர்களுக்குத் தானே அச்செடுத்துக் கொடுக்கிறார். எந்த லயத்துக்குப் போனாலும் ஏதாவது ஒரு காம்பராவில் சாமி படத்துக்குப் பக்கத்தில் உன் படம் ஒன்று ஒட்டியிருக்கிறது. பெருமையாகத்தான் இருக்கிறது புள்ள, மறைக்க என்ன இருக்கிறது.

போன வாரம் கீழ் லயத்துப் பெண் ஒருத்திக்குத் தலைப்பிரசவம். ஊரிலிருந்து புதிதாக வந்தவள், என்னைத் தெரியாது. பிள்ளை குறுக்கேதான் கிடந்தது. நான் கேட்ட நிமிஷத்தில் ஆள் வந்தது, டோலி வந்தது. தூக்கப்போகும் நேரத்தில் அவள் பயந்து என் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு, "நான் பொழைப்பேனா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் மாமியார் முந்திக்கொண்டாள். முன்னொரு நாள் என் முதுகில் கூடையை மாட்டிவிட்டவள்தான் அவள்.

"உனக்கென்னடி பயம்? எமனே நம்ம தோட்டத்து ஆளுதான். இந்தா, பையத் தூக்கிக்கிட்டு உன் கூடத்தான் வர்றா."

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். டோலி தூக்க வந்த ஆட்கள் சிரித்தார்கள். அவளும் வலியோடு வலியாகச் சிரித்தாள். வள்ளியம்மையின் பிடி தளர்ந்த அந்த வளைவில் நாங்கள் நிற்கவே இல்லை. பதுளைக்குப் போய்ச் சேர்ந்தோம். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். பெண் குழந்தை, நல்ல கறுப்பு, நல்ல சத்தம்.